எங்கள் வண்டியின் முன்பக்கக் கம்பி

எங்கள் வீட்டு வண்டியின் முன்பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியைக் கழற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. அதன்பின் எங்கள் ஊரான வேதாளையில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது, "பம்பர் எங்கே டீச்சர், எங்கேயும் இடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். பள்ளி வாசலிலும் மீன் கடையிலும் நின்றுகொண்டு அரைகுறையாகப் பதில் சொன்னால், ஏதோ போலீஸ் அபராதத்துக்குப் பயந்து கழற்றியதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அபராதம் எனக்குக் காரணம் இல்லை. காரணத்தை முழுவதுமாக ஓரிடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் 'பம்பர்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருள்களுக்குச் சொல்கிறோம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வண்டியின் முகத்தோடு சேர்ந்து வருகிற, பெரும்பாலும் வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருக்கிற பிளாஸ்டிக் பகுதியும் பம்பர்தான். வண்டி வாங்கிய பிறகு உதிரிப்பொருள் கடையில் விட்டு, அந்தப் பிளாஸ்டிக்குக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமாறு சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு மாட்டுகிற தடித்த குழாய்க் கம்பியும் பம்பர்தான். 2020 டிசம்பரில் தமிழ்நாடு முழுவதும் வண்டிகளைச் சோதனையிட்டு இந்தக் கம்பிகளை அகற்றச் சொன்னபோது, "பம்பர் இல்லாமல் வண்டி எப்படி ஓட்டுவது?" என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கோபப்பட்டார். அவர் பிளாஸ்டிக் பம்பரை நினைத்துக்கொண்டு பேசினார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் செய்யும் வேலைகள் நேர் எதிரானவை. குழப்பம் வராமலிருக்க, தொழிற்சாலையில் வருவதைப் பம்பர் என்றும், நாமாக மாட்டுவதைக் கம்பி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். கடைக்காரர்கள் அதைப் புல் பார் என்றும் கிராஷ் கார்டு என்றும் சொல்வார்கள்.

எங்கள் சாலையைப் பார்க்காதவர்களுக்கு அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து இராமேசுவரம் வரும் நெடுஞ்சாலை உச்சிப்புளியைத் தாண்டியதும் நிலம் ஒடுங்கிக்கொண்டே போய், வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் ஒரு விரலைப் போல நீள்கிறது. அந்த விரலின் நடுவே சாலை ஓடுகிறது. சாலையின் இரு பக்கமும் வேதாளை, மரைக்காயர்பட்டினம், மண்டபம் என்று ஊர்கள். கடலுக்குப் போவதானாலும், பள்ளிக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ ரேஷன் கடைக்கோ போவதானாலும் யாராவது ஒருவர் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். நடைபாதை என்று ஒன்று கிடையாது. தார் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. மணலுக்கு அப்பால் சீமைக் கருவேலம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முள்ளுக்குப் பயந்து நடப்பவர்கள் தாரின் மேலேயே நடக்கிறார்கள். தலையில் மீன் கூடை சுமந்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததிலிருந்தே இந்தச் சாலையில் வண்டிகள் பெருகிவந்தன. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு, இராமேசுவரத்தோடு தனுஷ்கோடியையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கும் வெளியூர் வண்டிகள் விடியற்காலையில் விரைந்து வருவது வழக்கமாகிவிட்டது.

தை அமாவாசைக்கு முந்தின நாள் விடியற்காலையில், எங்கள் தெருவிலிருந்து கடலில் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் சாலையைக் கடக்கும்போது அப்படிப்பட்ட ஒரு வண்டி அவரை இடித்துவிட்டது. அமாவாசையை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும் என்பதால் பாசி எடுப்பவர்கள் அந்த நாள்களைத் தவற விடமாட்டார்கள். கையில் சாக்கும் தூக்குவாளியுமாகப் போய்க்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது வண்டி நேராக நின்றிருந்தது. அக்கா அதற்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி மணலும் தாரும் சேரும் இடத்தில் கிடந்தார். ஓட்டியவர் ஓடிவிடவில்லை. அவருடைய வண்டியிலேயே அக்காவை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க, "முப்பதுக்கு மேல போகலம்மா, பிரேக் புடிச்சேம்மா" என்று அழுதுகொண்டே வந்தார். தாரில் சக்கரம் தேய்ந்த தடத்தை நானே பார்த்தேன். அவர் சொன்னதை நம்புகிறேன். அக்காவுக்குத் தொடை எலும்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது. இடுப்பெலும்பிலும் விரிசல் இருந்தது. தொடைக்குள் உலோகத் தண்டு வைத்துக் கட்டி, ஏழு மாதம் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். பாசி எடுக்கிற வீட்டில் ஏழு மாத வருமானம் நின்றுபோவது என்றால் என்ன என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்கு வெளியே அந்த வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். அதன் முன்னால் இரண்டடுக்குக் கம்பி மாட்டியிருந்தது. அதில் ஒரு நெளிவு இல்லை, ஒரு கீறல் இல்லை. சில நாள்களுக்குப் பிறகு அக்கா என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "காரு இடிச்ச மாதிரியே இல்ல டீச்சரம்மா. உலக்கையால ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து எங்கள் வண்டியைப் பார்த்தபோது அதே போன்ற கம்பி அதிலும் இருந்தது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மேல் குழாய் தரையிலிருந்து 98 செ.மீ. உயரத்தில் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் என் தம்பி மகளின் உயரத்தைப் பிறந்தநாள்தோறும் பென்சிலால் கோடு போட்டுக் குறித்துவைக்கிறோம். அவளுடைய ஐந்தாம் வயதுக் கோடு 107 செ.மீ. அதாவது, அந்தக் குழாய் அவளுடைய கண்களுக்கு நேராக இருந்தது. ஏழு ஆண்டுகளாக அந்த வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஒரு நாளும் இதை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால், நடந்தது எப்படி நடந்தது என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள முயன்றேன். கம்பி இல்லாத ஒரு கார் நிற்கிற மனிதரை இடிக்கும்போது முதலில் படுவது பம்பர். அது பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய உயரத்தில் படுகிறது. மேலுள்ள பிளாஸ்டிக் தோலுக்குப் பின்னால் தெர்மகோல் போல அமுங்குகிற ஒரு பொருள் இருக்கிறது. அதற்கும் பின்னால்தான் உலோகச் சட்டம். கால் அடிபட்டதும் உடல் சாய்ந்து பானட்டின் மேல் உருளுகிறது. தலை பானட்டிலோ முன் கண்ணாடியிலோ படுகிறது. பானட் தகட்டுக்கும் அதன் அடியிலுள்ள எஞ்சினுக்கும் இடையில் சில சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டிருப்பது அந்தத் தலைக்காகத்தான். தகடு உள்வாங்கும்போது தலையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

அந்தச் சில சென்டிமீட்டர்கள் எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கின்றன என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 35 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 9.7 மீட்டர். அந்த வேகத்தில் வந்து மோதும் ஒரு தலை, 7 செ.மீ. அமுங்கும் தகட்டின் மேல் பட்டு நின்றால், அது சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 69 மடங்கு எதிர்முடுக்கத்தை, அதாவது வேகத்தைக் குறைக்கும் முடுக்கத்தை, தாங்க வேண்டியிருக்கும். அதே தலை 1 செ.மீ. மட்டுமே விட்டுக்கொடுக்கும் ஒன்றின் மேல் பட்டால் அது 480 மடங்கைத் தாண்டுகிறது. வண்டியும் அதே, வேகமும் அதே, மனிதரும் அதே. மாறியது நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டும்தான். இரும்புக் குழாய் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுப்பதில்லை. அக்காவின் தொடை எலும்பு விட்டுக்கொடுத்ததால்தான் அந்தக் குழாயில் நெளிவு இல்லை.

கடினம் மட்டுமே இதில் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. கம்பியின் வடிவமும் இடமும் அதே அளவுக்குக் கெடுதலானவை. தட்டையான பம்பர் விசையைக் காலின் அகலம் முழுவதும் பரப்புகிறது. இரண்டு அல்லது மூன்று அங்குல விட்டமுள்ள உருளைக் குழாய் அதை ஒரு கோட்டில் குவிக்கிறது. குழாய்களைப் பிணைக்கும் முனைகளும், விளக்கு மாட்ட வைத்திருக்கும் கொக்கிகளும் அதைவிட மோசம். அதோடு, கம்பி வண்டியின் முகத்துக்கு முன்னால், உயரமாக நிற்பதால், முழங்காலில் பட வேண்டிய அடி தொடையிலும் இடுப்பிலும் படுகிறது. மனித உடலின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழத் தொப்புள் உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அடிபட்ட உடல் பானட்டின் மேல் உருளாமல் முன்னால் தூக்கி எறியப்படுகிறது. அப்படி எறியப்பட்டவர் வண்டியின் பாதையிலேயே விழுகிறார். வண்டி நிற்காவிட்டால் சக்கரம் அவர் மேல் ஏறுகிறது. சிறு குழந்தைக்கு அந்தக் குழாய் மார்பு அல்லது தலை உயரம். பின்னால் வரும் பானட்டின் இளக்கமெல்லாம் அந்தக் குழந்தைக்குப் பயன்படுவதே இல்லை.

இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது பாம்பன் படகுத்துறையை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். படகின் விலாவில் பழைய டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அலையில் படகு துறையின் கல்சுவரை நோக்கி ஆடும்போது டயர் நசுங்குகிறது. படகின் பலகை தப்பிக்கிறது. டயர் நசுங்குகிறதே, இதற்குப் பதில் நல்ல தடித்த இரும்புக் குழாயாகக் கட்டுவோம் என்று எந்த மீனவரும் நினைப்பதில்லை. கையால் அழுத்தினாலே உள்ளே போகிறது, தகர டப்பா போல இருக்கிறது என்று நாம் குறை சொல்லும் பிளாஸ்டிக் பம்பர், அந்த டயர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

வண்டி செய்பவர்களும் அரசாங்கங்களும் இதை அறியாதவர்கள் அல்ல. பாதசாரிகளின் பாதுகாப்புக்காக ஐ.நா.வின் கீழ் 2008இல் ஓர் உலகளாவிய தொழில்நுட்ப விதி வகுக்கப்பட்டது. அதன்படி, குழந்தையின் தலைக்குப் பதிலாக 3.5 கிலோ எடையுள்ள ஓர் உருண்டையையும், பெரியவர் தலைக்குப் பதிலாக 4.5 கிலோ உருண்டையையும் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பானட்டின் மேல் எறிந்து, உள்ளேயிருக்கும் கருவி என்ன அதிர்ச்சியைப் பதிவு செய்கிறது என்று பார்க்கிறார்கள். கால் போன்ற ஓர் அமைப்பை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பம்பரில் மோதவிட்டு, முழங்கால் மூட்டு எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று சோதிக்கிறார்கள். இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ். 100 என்ற தரத்தின் வழியாக, 2018 அக்டோபரிலிருந்து புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கு இத்தகைய சோதனை கட்டாயமாயிற்று. இவ்வளவு சோதனைகளில் தேறிய ஒரு முகத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஒரே நாளில் அதன் முன்னால் ஓர் இரும்புக் குழாயை மாட்டி அத்தனையையும் பயனற்றதாக்கிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்து, வண்டியின் முன்னால் மாட்டும் எந்தக் காப்பும் இது போன்ற மோதல் சோதனைகளில் தேற வேண்டும் என்று விதித்தது.

எங்கள் வண்டியில் கம்பியை மாட்டியவன் என் தம்பி. சவூதியில் வேலை செய்கிறவன். விடுமுறையில் வந்தபோது, நான் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை நினைத்து, தன் காசில் வாங்கி மாட்டிக் கொடுத்தான். அதனால் அவனைக் கேட்காமல் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் போறப்ப மாடு குறுக்க வந்தா என்னக்கா செய்வ?" என்பதுதான். இது அலட்சியப்படுத்த வேண்டிய கேள்வி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் தாரின் சூட்டுக்காக மாடுகள் வந்து படுத்துக்கொள்வது உண்மை. கருவேலங்காட்டிலிருந்து ஆடுகள் திடீரென்று பாய்வதும் உண்மை. இந்தக் கம்பி பிறந்ததே அப்படிப்பட்ட தேவையில்தான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத சாலைகளில், கங்காருவோ மாடோ மோதி ரேடியேட்டர் உடைந்தால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதற்காக அங்கே மாட்டத் தொடங்கினார்கள். அந்த நாட்டிலேயேகூட 2002இல், சாலையில் செல்லும் மற்றவர்களின் பாதுகாப்பைக் கருதி, கம்பியின் வடிவத்துக்கு ஒரு தரநிர்ணயம் வந்துவிட்டது. ஆளில்லாப் பாலைவனத்துக்காக உண்டான ஒரு பொருளை, அரை கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கிற, ஊருக்கு ஊர் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற நம் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

மாட்டுக்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான் என்று தம்பியிடம் சொன்னேன். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறவர், தடையைப் பார்த்து உணர்ந்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், வண்டி முழுவதும் நிற்க ஏறத்தாழ 68 மீட்டர் ஆகும், 60 கி.மீ. என்றால் 45 மீட்டர். எதிரே வண்டி வருகிறது என்று விளக்கை டிம்மில் வைத்திருக்கும்போது தெளிவாகத் தெரிவது 50 மீட்டரை ஒட்டித்தான். ஆக 80இல் போகிறவர் மாட்டைப் பார்ப்பதற்கு முன்பே அதை இடிப்பது உறுதியாகிவிடுகிறது. அப்போது கம்பி இருந்தால் வண்டியும் உள்ளிருப்பவர்களும் தப்பிவிடலாம் என்று நினைப்பதும் சரியில்லை. வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது நசுங்கும் நேரத்தில்தான் உள்ளே இருப்பவரின் வேகம் குறைகிறது. கம்பியோ நேராகச் சேஸிஸில் இணைந்திருப்பதால், அதிர்ச்சி அந்த நசுங்கும் பகுதியைத் தாண்டி உள்ளே போகிறது. காற்றுப்பைகளும் அப்படித்தான். முன்பக்க உணரிகள் (சென்சார்கள்) அதிர்ச்சி எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதைப் பார்த்து, நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் பையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றன. இந்தக் கணக்கெல்லாம் கம்பி இல்லாத வண்டியை மோதவிட்டுப் பார்த்து அமைத்தவை. கம்பி அந்த அதிர்ச்சியின் போக்கை மாற்றிவிட்டால், பை தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம், தேவையில்லாத சிறு மோதலில் விரிந்தும்விடலாம். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கான காற்றுப்பை இல்லாத புதிய காரை இந்தியாவில் விற்க முடியாது. அப்படியிருக்க, அந்தப் பைக்கான பணத்தையும் கொடுத்து, அதைக் குழப்பும் பொருளுக்கும் பணம் கொடுக்கிறோம்.

கம்பியால் ஒரு நன்மையும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இராமநாதபுரம் சந்தைக் கூட்டத்தில் யாராவது பின்னால் எடுத்து இடித்தால் பெயின்ட் போகாமல் கம்பி காப்பாற்றுகிறது. புதுப் பம்பர் மாற்றுகிற செலவு மிச்சமாகிறது. இது உண்மை. ஒரு பக்கம் சில ஆயிரம் ரூபாய் பெயின்ட் வேலை, மறு பக்கம் ஒரு மனிதரின் இடுப்பெலும்பு என்று இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறபோது, எந்தத் தட்டு கனம் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கம்பி இருந்தால் வண்டி கம்பீரமாகத் தெரிகிறது என்று சொல்லி, அதில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளையும் கட்சிக்கொடியையும் மாட்டிக்கொண்டு போகிறவர்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கம்பீரத்துக்கான விலையை அவர்கள் கொடுப்பதில்லை, எதிரே நடந்து வருகிறவர் கொடுக்கிறார். இந்த விலையை நடப்பவர்கள் மட்டுமல்ல, மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போகிற வியாபாரிகளும் கொடுக்கிறார்கள். பக்கவாட்டில் இடிபடும்போது அவர்களுடைய முழங்கால்தான் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் சிக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இந்தக் கம்பிகள் பாதசாரிகளுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்தானவை என்றும், இவற்றை மாட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மீறுவதாகும் என்றும் தெரிவித்து, கடும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றக்கூடாது என்பது. 2019இல் சேர்த்த திருத்தத்தின்படி அவ்வாறு மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்பதும், 'சின்ன சைஸ்தான்' என்பதும் அனுமதி ஆகாது. சோதனை தீவிரமாக இருக்கும் மாதத்தில் கழற்றி மாட்டுத்தொழுவத்தில் போட்டுவைத்து, சூடு தணிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அபராதத்தை மட்டுமே காரணமாகப் பார்த்தால் அப்படித்தான் நடக்கும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு எல்லா வகையிலும் சேர்த்து 17,884 பேர். வேகம், இருட்டு, நடைபாதை இன்மை, குடி என்று இந்த மரணங்களுக்குப் பல காரணங்கள் உண்டு. நடைபாதை போடுவது என் கையில் இல்லை, தெருவிளக்குப் போடுவதும் என் கையில் இல்லை. கம்பி நான்கு போல்ட்டில் நிற்கிறது.

அந்தப் போல்ட்டுகளைத் தம்பியே கழற்றினான். விடுமுறைக்கு வந்தவன், முதல் நாள் அக்காவை அவர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மண்டபத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். கடல் காற்றில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன; கடைசி ஒன்றைக் கட்டரால் வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் கம்பியைப் பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டார். இன்னொரு வண்டியின் முகத்தில் அது ஏறுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. துண்டு துண்டாக அறுத்துத் தரச் சொல்லிப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

கழற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். கம்பியில் விளக்கு மாட்டியிருந்தால் அதன் ஒயர்களை அறுத்து அப்படியே விட்டுவிடாமல் முறையாகப் பிரித்து மூடச் சொல்லுங்கள். போல்ட் இருந்த ஓட்டைகளில் ரெட் ஆக்சைடு அடித்து ரப்பர் அடைப்பான் போடச் சொல்லுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் அந்த இடம் அரித்துவிடும். எங்கள் மெக்கானிக் இதற்கு அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா மறுபடி பாசிக்குப் போகிறார். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். படகில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், பேச்சினிடையே வண்டியின் முன்பக்கம் போய், பம்பரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அமுங்குது டீச்சரம்மா" என்றார்.

"ஆமாக்கா, அதுக்குத்தான் வச்சிருக்காங்க" என்றேன்.